ஐஸ் கம்பெனி மீன் இடம் மாறிய சேதி

1

இருபது வருஷம் ஓர் ஊரில் இருந்தால், எந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்க வேண்டும் என்பது மனப்பாடமாகிவிடும். மெல்பர்னுக்கு வந்ததில் அதற்கு மேல் கொண்டாட ஒன்றுமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் மகள் ஸஹானா விடவில்லை. நாலு வயதில் என் இடுப்பில் உட்கார்ந்து விமானம் ஏறிய பெண், இப்போது என்னைக் காரில் உட்கார வைத்து, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனாள்.

அவளைப் பற்றி ஊரில் விசாரிப்பவர்களிடம் பார்மசி படிக்கிறாள் என்றே சொல்லி வந்தேன். அது பொய். பாதியில் விட்டுவிட்டு நியான் விளக்குப் பட்டறை ஒன்றில் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி, இளகியதும் வளைத்து, எழுத்தும் படமுமாகச் செய்கிற வேலை. பழைய நியான் பலகை என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு பிரியம். எங்கள் பகுதியில் ஒரு தேயிலைக் கிடங்கின் கூரையில் கெட்டில் ஒன்று கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டே இருக்கும். அதை ரிப்பேர் செய்ய ஒரு மாதம் அணைத்து வைக்கப் போகிறோம், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று நகரசபை தெருவில் ஒரு வீடு விடாமல் கடிதம் போட்டது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சமையலறையில் வெகுநேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்று அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை.

பட்டறைக்குள் போனதும் ஸஹானா என் கண்ணைப் பொத்தினாள்.

"உம்மா, பாக்கக் கூடாது. இது உங்களுக்கு சர்ப்ரைஸ்."

கையை எடுத்தாள். எதிர்ச் சுவரில் பச்சை நிற அலை எரிந்தது. அலையிலிருந்து சிவப்பு மீன் ஒன்று எழும்பியது. அது அணைந்து, அதற்கு மேலே வானத்தில் இன்னொன்று. அதுவும் அணைந்து, தலைகீழாகப் பாய்கிற மூன்றாவது. ஒவ்வொன்றும் என் உயரம். பிறகு நாலு எண்ணுகிற நேரம் இருட்டு. மறுபடி அலை.

நான் சுவரோரமாகப் போய் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். பட்டறை முதலாளியான வெள்ளைக்காரப் பெரியவர் கையிலிருந்த கேக் தட்டோடு அப்படியே நின்றார். என் மகள் அழத் தொடங்கினாள். ஆறு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் வந்து செய்திருக்கிறாள்.  

2

மண்டபம் பக்கத்து ஆட்களே, உங்களில் யாருக்கும் அந்த மீனை நான் விவரிக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் ராமேஸ்வரம் பஸ்ஸில் கண்டக்டர், "மீன் லாட்ஜெல்லாம் எறங்கு" என்றுதான் சொல்கிறார். விளக்கு எரிந்தே பல வருஷம் ஆகிவிட்டது. லாட்ஜ் கூரையில் துருப்பிடித்த சட்டம் மட்டும் நிற்கிறது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகையில் 'மீன் விளக்கு எதிரில்' என்று அச்சடிக்கிறீர்கள். அதன் கீழே நின்று போட்டோ எடுத்துப் போட்டு, எங்கள் ஊர் அடையாளம் என்று எழுதுகிறீர்கள். அப்படி ஒரு போட்டோவைப் பார்த்துத்தான் என் மகளும் மயங்கியிருக்கிறாள். உம்மாவின் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஆசை வைத்த விளக்கு, அதையே செய்து கொடுத்தால் உம்மா குளிர்ந்துபோவாள் என்று நினைத்திருக்கிறாள். லாட்ஜ்காரரின் மகன் ரியாஸைத் தேடிப் பிடித்து அளவெல்லாம் வாங்கியிருக்கிறாள். எனக்குக் காட்டிய பிறகு குழாய்களைப் பெட்டியில் அடுக்கி ஊருக்கே அனுப்பிவிடுவது, அங்கே பழைய சட்டத்தில் மாட்டி மறுபடி எரியவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறார்கள்.

உங்களில் பாதிப் பேருக்கு ஒரு விஷயம் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் மறந்துவிட்டீர்கள். அந்த மீன், லாட்ஜில் பிறந்ததல்ல.

அது முதலில் நின்றது கடற்கரையில், ஐஸ் கம்பெனிக் கூரையில். ஐஸ் முதலாளி மலாயாவில் இருந்தபோது அந்த மாதிரி விளக்குகளைப் பார்த்து ஆசைப்பட்டுச் செய்து கொண்டுவந்தது. அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் பேரப்பிள்ளைகள் அதையும் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள்.

சின்ன வயதில் எனக்கும் அந்த மீன் பிடிக்கும். பொழுதடைந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிக்கும்போது அது எரியத் தொடங்கும். நானும் என் அண்ணன் கபீர் காக்காவும் வாசலில் நின்று, ஓர் இருட்டிலிருந்து அடுத்த இருட்டு வரை யார் மூச்சை அடக்குவது என்று போட்டி போடுவோம். காக்கா எப்போதும் எனக்கு விட்டுக்கொடுத்துத் தோற்பார்.

3

கரை ஊர்க்காரர்களுக்கு அது அழகு மட்டுமில்லை, வழி. எங்கள் தென்கடலில் தீவுகளைச் சுற்றித் தண்ணீருக்கடியில் பாறைத்தொடர் கிடக்கிறது. பார் என்போம். பாருக்கு நடுவில் ஒரே ஓர் இடத்தில்தான் வள்ளம் நுழைய வழி உண்டு. கடைசித் தீவின் முனையைத் தாண்டியதும், மீனை வள்ளத்தின் முன்பக்கத்துக்கு நேராக வைத்து ஓட்டினால் சரியாக அந்த வழியில் நுழைந்துவிடலாம். மற்ற விளக்கெல்லாம் கரண்டு போனால் போய்விடும். ஐஸ் கம்பெனிக்கு ஜெனரேட்டர் இருந்ததால் மீன் மட்டும் துள்ளிக்கொண்டிருக்கும். மழையில் மங்கலாகத் தெரிந்தாலும் மூன்று துள்ளல், ஓர் இருட்டு என்ற கணக்கு வேறு எந்த விளக்குக்கும் கிடையாது. அந்த வழியைப் பயன்படுத்திய ஐந்து கரைக்காரர்களும் அதை நம்பித்தான் வீடு வந்தார்கள்.

இப்படி நம்புகிற இடத்தில் ஒரு முறை உண்டு. கடலில் இருப்பவர்கள் அடையாளம் வைத்திருக்கும் எதையும் சொல்லாமல் மாற்றக்கூடாது. அது உன் சொந்தத் தோட்டத்துப் பனைமரமாக இருந்தாலும் வெட்டுவதற்கு முன்னால் ஐந்து கரைக்கும் போக வேண்டும். கரையில் நின்று, "இன்ன அடையாளம் போச்சு, இனி அத நம்பி வராதீங்க" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். கரையில் இருப்பவர் யாராவது "கேட்டோம்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் சொன்னது செல்லாது, மறுநாள் திரும்பப் போக வேண்டும். எங்கள் பள்ளிவாசல் மினாராவுக்கு வெள்ளையை மாற்றிப் பச்சை அடித்தபோது ஜமாஅத் ஆள் அனுப்பிச் சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. ஐஸ் முதலாளியும் கடல்காரர் வீட்டுப் பிள்ளைதான். அவருடைய வாப்பா தன் தோட்டத்தில் ஒரு பனையை வெட்டுவதற்கு இரண்டு நாள் கரை கரையாக நடந்தவர்.

எனக்குப் பத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தது. முதலாளி ராமேஸ்வரம் ரோட்டில் மூன்று மாடி லாட்ஜ் கட்டினார். மதுரையிலிருந்து ஆட்கள் வந்து மீனைக் கழற்றி, மேற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி லாட்ஜ் கூரையில் மாட்டினார்கள். முன்னைவிட உயரம். கடலில் முன்னைவிட நன்றாகத் தெரியும். எந்தக் கரைக்கும் ஆள் வரவில்லை.

கழற்றியதைப் பார்த்தவர்கள் ரிப்பேருக்குப் போகிறது என்று நினைத்தார்கள். லாட்ஜில் எரிந்த முதல் நாள், கரையில் இருந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கபீர் காக்கா கரையில் இல்லை. கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தொழிலுக்கு மேற்கே போய் நாலு நாள் ஆகியிருந்தது. கச்சான் காற்றும் மழையுமாக, அன்று மஃரிப் நேரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

4

வள்ளத்தில் இரண்டு பேர். கூடப் போன சலீம் பலகையைப் பிடித்து நீந்திக் கரையேறினார். அவர்தான் எங்கள் வீட்டில் வந்து சொன்னார். வாசப்படியில் நனைந்தபடி நின்றார்; உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"மழையில ஒண்ணுமே தெரியல. எனக்குப் பயமாத்தான் வந்துச்சு. கபீருதான் மொதல்ல பாத்தான். ஏலே, மீன் தெரியுது, வந்துட்டோம்னான். சிரிச்சான். அங்கன வச்சு நேராத்தான் விட்டான். பாருல ஏறிருச்சு."

காக்காவின் மனைவி ஜுலைகா மதினிக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். அவர் அழவில்லை. "மீனப் பாத்தாகளா?" என்று மட்டும் கேட்டார். சலீம் தலையாட்டினார்.

முதலாளி மய்யத்து அடக்கத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம். என் வாப்பா அவர் முன்னால் போய் நின்று, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார். அதற்கு அவர் சொன்ன பதில் முப்பத்திரண்டு வருஷமாக என் காதில் இருக்கிறது.

"அது வெளம்பரப் பலகை கரீமு. கலங்கரை வெளக்குன்னு நானா சொன்னேன்?"

வாப்பா மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். ஓர் ஆபீஸில் இது மீன்வளம் இல்லை, துறைமுகம் என்றார்கள். துறைமுகத்தில் இது கட்டட அனுமதி சம்பந்தப்பட்டது என்றார்கள். கடைசியில் மூன்று வரியில் பதில் வந்தது. மேற்படி விளக்கு அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டி விளக்கு அல்ல என்பதால் அதனை இடமாற்றம் செய்தமைக்கு எவர் மீதும் நடவடிக்கை எடுக்க முகாந்திரமில்லை. வாப்பா அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்து மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அதன் பிறகு மவுத்தாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

நான்தான் கோபத்தைப் பேசாமலே வளர்த்தேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: அந்த மனிதர் கெட்டுப்போக வேண்டும் என்று துஆ கேட்ட நாட்கள் உண்டு. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். அவர் நன்றாகத்தான் இருந்தார். லாட்ஜ் இரண்டானது. மீன் ஊருக்கே செல்லப்பிள்ளை ஆனது. எங்கள் சொந்தக்காரர்களே நிக்காஹுக்கு அங்கே ரூம் போட்டார்கள்.

5

இங்கே வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். கூடப் பிறந்தவர் எத்தனை பேர், இறந்திருந்தால் என்ன காரணம். என் அப்போதைய இங்கிலீஷில் நர்ஸிடம் விளக்கப் பார்த்தேன். விளக்கு என்பதற்கும் இடம் மாறியது என்பதற்கும் வார்த்தை வரவில்லை. மீன், அண்ணன், மவுத்து என்பதை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடி என் கையைத் தடவிக் கொடுத்து எதையோ எழுதினாள். அன்றிலிருந்து என் மருத்துவக் குறிப்பில், குடும்பத்தில் மீன் ஒவ்வாமை என்று இருக்கிறது. கண்ணுக்குப் போனாலும் பல்லுக்குப் போனாலும் அதைக் கேட்கிறார்கள். திருத்த ஒரு படிவம், திருத்தியதை உறுதி செய்ய ஒரு படிவம். நான் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் பாறை மீன் குழம்பு கொதிக்கும்போது ஸஹானா அதைச் சொல்லிச் சிரிப்பாள். மாமா கடலில் போய்விட்டார் என்ற அளவில்தான் அவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இங்கே வளர்கிற பிள்ளைக்கு எதற்கு இந்தச் சுமை என்று நினைத்தேன். அவள் தமிழும் அதற்குக் காணாது.

பட்டறையிலிருந்து வந்த மறுநாள் அவளை எதிரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தமிழிலேயே சொன்னேன். புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். முடிந்ததும், "அவங்க தெருல எல்லார் வீட்டுக்கும் லெட்டர் போடலயா?" என்று கேட்டாள். கெட்டிலுக்குப் போட்ட கடிதம் அவள் நினைவில் இருந்தது.

"போடல" என்றேன்.

குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்து எங்கள் கராஜில் வைத்தாள். அனுப்புவதா உடைப்பதா என்பதை என்னிடம் விட்டுவிட்டாள். ரியாஸிடம், உம்மா வேண்டாம் என்கிறார் என்று சொன்னாளாம். இரண்டு நாள் கழித்து எனக்கு வீடியோவில் அழைப்பு வந்தது.

6

முதலாளிக்கு எண்பத்து நாலு வயது. கன்னம் உள்ளே போயிருந்தது. ஒரு கண்ணில் வெள்ளை. நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். தினமும் இந்த வயதுக்காரர்களுக்குத்தான் கஞ்சி ஊட்டி வாய் துடைக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு உண்மையான பிரியம் உண்டு. இவரைப் பார்த்ததும் அதில் ஒரு சொட்டும் வரவில்லை.

"நூருதானேம்மா? கரீமு மவ?"

"ஆமா."

"ஒம் மவ கைவேல நல்லாருக்குன்னு ரியாஸு காட்டுனான். எனக்கு ஒரு கண்ணு போச்சு. இன்னொண்ணு இருக்கயிலேயே அது எரியிறத ஒருக்காப் பாத்துட்டுப் போயிர்றேன். அனுப்பி வையி தாயி."

"எங்கன எரியணும்?"

"லாட்ஜுலதான். வேற எங்கன?"

"எங்க காக்கா எங்கன எரியும்னு நெனச்சு வந்தாக?"

அவர் பக்கத்தில் நின்ற ரியாஸைப் பார்த்தார். "அது அல்லாஹ் நாடுனதும்மா" என்றார்.

"கழட்டி மாட்டுனது நீங்க. ஏன் கரைக்கு ஆள் அனுப்பல? மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று அவர் சொல்வார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். புது லாட்ஜ், திறப்பு விழா, தலைக்கு மேல் வேலை, மறந்துபோனார். அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் குறைந்திருக்குமோ என்னவோ.

"மறக்கலம்மா" என்றார். "ஆள் அனுப்பத்தான் இருந்தேன். சொன்னா அஞ்சு கரையும் தெரண்டு வந்து கழட்டக் கூடாதுன்னு நிப்பாங்க. தெறப்புக்கு நாள் குறிச்சாச்சு. முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

ரியாஸ், "வாப்பா, போதும்" என்று போனை வாங்கப் பார்த்தான்.

 என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் திருப்தி. "இப்பப் போய்ச் சொல்லுங்க" என்றேன்.

"எதை?"

"முறையா எதச் சொல்லணுமோ அத. அஞ்சு கரைக்கும் போயி நின்னு, மூணு தடவ. கரைக்காரவுக கேட்டோம்னு சொல்லணும். அப்பத்தான் பெட்டி வரும்."

"இப்ப எல்லார்ட்டயும் ஜிபிஎஸ் இருக்கேம்மா. அது யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்."

போனை வைத்ததும் என் வீட்டுக்காரர், வயசானவரை இப்படி அலைக்கழிக்கலாமா என்றார். அவருக்கு இரண்டு நாள் நான் டீ போட்டுக் கொடுக்கவில்லை.

7

போக மாட்டார் என்று நினைத்தேன். போனார். கடைசி ஆசை மனிதனை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது.

ஒவ்வொரு கரையிலும் ரியாஸ் வீடியோ எடுத்து ஸஹானாவுக்கு அனுப்பினான். முதல் கரையில் அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு மணலில் நிற்கிறார். "ஐஸ் கம்பெனி மீன் எடம் மாறிப் போச்சு. இனி அத நம்பி வராதீங்க." வலை பிரித்துக்கொண்டிருந்த இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். மூன்றாவது தடவை சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. படகு நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து வந்து, அவரை மேலும் கீழும் பார்த்து, "கேட்டோம்" என்றார். "ரொம்பச் சீக்கிரம் சொல்லிட்டிய" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இடத்தை மட்டும் நான் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றிலும் குரல் இறங்கிக்கொண்டே போனது. இரக்கம் வருகிறதா என்று என்னை நானே கவனித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. என் அண்ணன் பாரில் ஏறிய நேரத்தில் இவர் திறப்பு விழாப் பந்தியில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது எங்கள் கரை. அதற்கு வீடியோ வரவில்லை. ரியாஸிடமிருந்து எழுத்தில் மட்டும் வந்தது: எல்லாம் முடிந்தது, பெட்டி எப்போது அனுப்புகிறீர்கள்?

அன்று சாயங்காலம் ஜுலைகா மதினி போன் செய்தார். ஏழு மாதத்தோடு விதவையானவர், மறுகல்யாணம் செய்துகொள்ளாமல் அதே வீட்டில் இருக்கிறார். இப்போது வயது ஐம்பத்தைந்து.

"வண்டி வந்துச்சு நூரு. நான் போயி நின்னேன். பெரியவரு எறங்கல. கண்ணாடியக் கூட எறக்கல. மவன்தான் எறங்கி வேகமா மூணு தடவ சொன்னான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல. வேற யாரயும் சொல்லவும் விடல. வண்டி திரும்பிப் போயிருச்சு."

ஸஹானா பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரால் முடிந்தது அவ்வளவுதான், நாலு போதும் உம்மா என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் வளர்ந்த ஊரின் பழக்கம் அப்படி. அவள் என்னை ஒன்றும் கேட்காமல் தன் போனை எடுத்து, ரியாஸுக்குக் குரல் செய்தி பேசினாள். எப்போதும் அவனிடம் இங்கிலீஷில் பேசுகிறவள், அன்றைக்கு வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துத் தமிழில் பேசினாள்.

"நாலு கரைதான் ஆச்சு. எங்க மாமி கேட்டோம் சொல்லல. பெரியவர் வண்டியில இருந்து எறங்கணும். மாமி முன்னால நிக்கணும். அப்பறம் நான் அனுப்புறேன்."

இது நடந்து பதினொரு நாள் ஆகிறது. கேட்டுவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் குறிகள் வந்தன, பதில் வரவில்லை. மதினி தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கரைக்குப் போய் நின்றுவிட்டு வருகிறார். பெட்டி கராஜில் இருக்கிறது. எங்கள் மூன்று பேருக்கும் அவசரம் ஒன்றுமில்லை. எண்பத்து நாலு வயது அவருக்குத்தான்.